போனிலேயே பாட்டு கேட்கலாமே, தனியாக எம்பி3 ப்ளேயர் வாங்குவது வீண் செலவா?

நீங்கள் ஊரில் இருந்துகொண்டு, கை அழுக்காகாத வேலை பார்க்கிறவர் என்றால் வீண்தான். அந்தக் காசுக்கு நல்ல இயர்போன் வாங்கிக்கொள்ளுங்கள். நான் கொடைக்கானலைத் தாண்டி பூம்பாறையில் பூண்டும் கேரட்டும் போடுகிறவன். என் ஸ்வெட்டர் பையில் இன்றைக்கும் ஒரு ப்ளேயர் கிடக்கிறது.

எல்லாம் அந்தப் பொத்தானுக்காகத்தான். பூண்டு பிடுங்கிக் காய்ந்ததும், தாளைக் கிள்ளித் தரம் பிரிக்க உட்காருவோம். அப்போது என் கையைப் பார்க்க வேண்டும். மண், அதன் மேல் பூண்டுப் பிசின், அதில் ஒட்டிய சருகு. இந்த விரலை வைத்தால் போன் திரை ஒன்று மதிக்காது, இல்லையென்றால் சம்பந்தமில்லாத யாருக்காவது கால் போட்டுவிடும். ப்ளேயரில் நடுவே சற்றுக் குழிந்த ஒரு பொத்தான், இரு பக்கமும் இரண்டு. பைக்கு வெளியிலிருந்தே தடவி அழுத்தினால் 'டிக்' என்று கேட்கும், பாட்டு மாறிவிடும். நடுப் பொத்தானில் இருந்த குறி எப்போதோ அழிந்துபோய், இப்போது புளியங்கொட்டை மாதிரி வழவழவென்று இருக்கிறது.

'பாட்டை போனில் இறக்கி வைத்துக்கொண்டால் போதாதா, சிக்னல் எதற்கு?' என்று கேட்பீர்கள். சரிதான், ஆனால் டவர் சரியாகக் கிடைக்காத இடத்தில் போன் சும்மா இருக்காது. டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்றுவிடும். வடுகபட்டி மண்டியிலிருந்து விலை சொல்லிச் சாயங்காலம் போன் வரும்போது அது செத்துக் கிடந்தால் நஷ்டம் எனக்குத்தான். ப்ளேயருக்கு அப்படித் தேட ஒன்றும் இல்லை. ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் இரண்டு நாள் வேலைக்கு வரும்.

அப்புறம் எஃப்எம். எங்கள் மலை உச்சியிலிருந்து வரும் கோடை பண்பலை 100.5 மதுரை, தேனி, திண்டுக்கல் என்று தரையில் எங்கும் கேட்கும். எங்கள் தோட்டத்திலோ மேல் படியில் கணீரென்று கேட்பது கீழ்ப் படிக்கு இறங்கினால் கரகரக்கும். எஃப்எம் அலை நேர்கோட்டில் போவது, நடுவில் மேடு நின்றால் மறைத்துவிடும். இதில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: இந்தச் சின்ன ப்ளேயர்களுக்கு இயர்போன் வயர்தான் ஆன்டெனா. வயரைச் சுருட்டிப் பையில் திணித்துவிட்டு 'ரேடியோ எடுக்கவில்லை' என்று சொல்லாதீர்கள். இப்போது வரும் பல போன்களில் அந்த வயரைச் செருக ஓட்டையே இல்லை.

சித்தப்பாவிடம் வாக்மேன் இருந்தது. சோனி 1979-ல் கொண்டுவந்த சாமான், எங்கள் வீட்டுக்கு வந்தது ரொம்பப் பின்னால். வத்தலக்குண்டில் ரெக்கார்டிங் கடையில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த முறை போகும்போது கேசட்டை வாங்கி வருவார். மேகம் இறங்கும் ஊரில் கேசட் தங்காது, நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்துவிடும். எம்பி3 வந்ததும் அந்தத் தொல்லை போயிற்று. என் 4 ஜிபி ப்ளேயரில் 700 பாட்டுக்கு மேல் இருக்கிறது. 128 கேபிபிஎஸ் தரத்தில் உள்ள ஃபைல் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பி, கணக்கு அவ்வளவுதான். ஆப்பிளே 2022-ல் தன் ஐபாட் ப்ளேயரை நிறுத்திவிட்டது என்பதெல்லாம் தெரியும். எனக்கு அந்த விலை சாமான் என்றைக்குமே தேவைப்படவில்லை.

வாங்குவதாக இருந்தால் மெமரி கார்டு போடும் ப்ளேயராகப் பாருங்கள். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் வேறு ஃபார்மட்டில் வரும், பழைய ப்ளேயர் பல அதைப் படிக்காது. பாட்டின் பெயர் தமிழில் இருந்தால் மலிவு ப்ளேயரில் கட்டம் கட்டமாகத் தெரியும், ஆங்கில எழுத்தில் மாற்றிவிடுங்கள். ஜனவரியில் உறைபனி விழும் காலையில் பேட்டரி பாதி காட்டிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணைந்துவிடும். கெட்டுவிட்டது என்று பதறி எறியாதீர்கள். குளிரில் பேட்டரி சோர்ந்துபோகும், உள்சட்டைப் பையில் கொஞ்ச நேரம் வைத்தால் மறுபடி எழும். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜோடு வையுங்கள். முழுக்கத் தீர்ந்தபடி பெட்டியில் போட்டு என் முதல் ப்ளேயரை நானே கொன்றேன்.

ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். இரண்டிலும் மாட்டிக்கொண்டு இருட்டும் நேரம் தோட்டத்திலிருந்து வந்தவன் நான். வளைவில் திரும்பினால் பத்தடியில் காட்டுமாடு, சாலையை அடைத்துக்கொண்டு. அது மூச்சு விட்டது வெள்ளையாகத் தெரிந்தது, சத்தம்தான் எனக்குக் கேட்கவில்லை. என்ன பாட்டு ஓடியது என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து சரிவில் இறங்கி, கேரட் பாத்தியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்று விட்டுவிட்டேன். மலிவு ப்ளேயர்கள் பல பெயர் வரிசையில் பாடாது, கார்டில் எது முதலில் ஏறியதோ அதிலிருந்துதான் தொடங்கும். சார்ஜ் தீர்ந்து அணைந்தால் என்னுடையது மறுபடி முதல் பாட்டுக்கே போய்விடும். தரம் பிரிக்கும் இடத்தில் சின்ன ஸ்பீக்கரைச் செருகியதும் அம்மா, "முதல்ல சாமி பாட்டு வரட்டும்டா" என்பார். அதனால் புதுப்பாட்டு ஏற்றும்போதெல்லாம் கார்டை மொத்தமாக அழித்து, முருகன் பாட்டை முதலில் போட்டு, மற்றதை அதன் பின்னால் போடுகிறேன். போன மாதம் சோம்பேறித்தனமாக அப்படியே விட்டேன். காலை ஆறு மணிக்கு, ஊதுபத்தி கொளுத்திய கையோடு அம்மா பொத்தானை அழுத்த, குத்துப் பாட்டு வந்தது.