பட்டியல் எழுதியவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

செக் நாட்டுத் தலைநகர் பிராகில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கப் போன மாதம் போயிருந்தேன். ஒரு நாள் முழுவதையும் அங்குள்ள யூத அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கினோம். ஒரே கட்டடமாக இல்லாமல் பல பழைய ஜெப ஆலயங்களில் (யூதர்களின் வழிபாட்டு இடங்களில்) பிரித்து வைத்திருக்கிறார்கள். நாஜிகளால் உயிரிழந்த யூதர்களின் பெயர்களைப் பிங்காஸ் ஆலயத்துச் சுவரில் எழுதியிருப்பதையும் மாடியில் உள்ள குழந்தைகளின் ஓவியங்களையும் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை. ஆனால் மற்ற இடங்களில் அலுப்புதான் தட்டியது. வெள்ளிக் கிரீடம், வெள்ளிச் சுட்டுக்கோல், பூவேலைத் திரை, மறுபடி கிரீடம். ‘அழிந்துபோன இனத்தின் அருங்காட்சியகம்’ ஒன்றை அமைக்க ஹிட்லர் திட்டமிட்டுத்தான் இவற்றைச் சேர்த்தான் என்றார் வழிகாட்டி. உண்மையா? ஆலயத் துணிகளைப் பற்றிய தடிமனான கேட்லாக் ஒன்றை மகள் வாங்கித் தந்தாள். விமானத்தில் கூடுதல் எடைக்குப் பணம் கட்டிக் கொண்டுவந்தேன். திறந்தால் நீளம், அகலம், நூல் வகை, வந்த ஊர் என்று ஜவுளிக்கடை ஸ்டாக் நோட்டு மாதிரி இருக்கிறது. இதை எப்படி வாசிப்பது?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

கூடுதல் எடைக்குக் கட்டிய பணம் வீண் போகவில்லை. உங்கள் ஸ்டாக் நோட்டில்தான் முழுக் கதையும் இருக்கிறது.

முதலில் வழிகாட்டி சொன்னது. ஏறக்குறைய எல்லா வழிகாட்டிகளும் அதைச் சொல்கிறார்கள், பயண நூல்களிலும் இருக்கிறது. ஆனால் ஹிட்லர் அப்படி ஓர் ஆணை போட்டதற்கு ஆவணம் எதுவும் இல்லை. இந்தக் காலகட்டத்தைத் துருவிப் பார்த்த ஆய்வாளர்கள் சொல்வது வேறு. 1941 கடைசியிலிருந்து பொஹீமியா, மொராவியா என்ற செக் பகுதிகளின் ஊர்களில் இருந்த யூதர்களை நாஜிகள் தெரெசின் முகாமுக்கு ஏற்றி அனுப்பத் தொடங்கினார்கள். ஊர் காலியானதும் ஜெப ஆலயம் பூட்டிக் கிடக்கும். உள்ளே இருக்கும் பொருள்களை யார் வேண்டுமானாலும் சுருட்டிக்கொள்ளலாம். அப்போது பிராக் யூத சமூக அலுவலகத்தில் இருந்தவர்களே ஒரு யோசனையை முன்வைத்தார்கள்: எல்லாவற்றையும் பிராகுக்கு அனுப்பச் சொல்லுங்கள், நாங்கள் பட்டியலிட்டு அருங்காட்சியகமாக வைக்கிறோம். நாஜிகளின் எஸ்.எஸ். படை அலுவலகம் 1942-இல் இதற்குச் சம்மதித்தது. அவர்கள் கணக்கு என்னவோ, இவர்கள் கணக்கு பொருளாவது தப்பட்டும் என்பது. ஹிட்லர் கதையில் எனக்கு இருக்கும் பெரிய மனத்தாங்கலே இதுதான். அது இந்த மனிதர்களின் வேலையைத் தூக்கி, கொன்றவர்களின் பெயரில் வரவு வைத்துவிடுகிறது.

அருங்காட்சியகமும் நாஜிகள் தொடங்கியதில்லை. பழைய யூதக் குடியிருப்பை நகராட்சி இடித்துத் தள்ளிய காலத்தில், இடிபட்ட ஆலயங்களின் பொருள்களைக் காப்பாற்ற சாலமன் ஹ்யூகோ லீபன் என்ற வரலாற்றாசிரியரும் நண்பர்களும் 1906-இல் தொடங்கியது. போருக்கு முன் அங்கே இருந்தவை ஆயிரம் பொருள்கள் போலத்தான். போர்க்காலத்தில் 153 ஊர்ச் சமூகங்களின் உடைமை அங்கே வந்து குவிந்தது.

உங்கள் அலுப்புக்குக் காரணமும் இதுவே. சாதாரண அருங்காட்சியகத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்து சிறந்த பத்தைத் தேர்ந்தெடுத்திருப்பார். இங்கே யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஊர் ஊராக எல்லாமே வந்தது. பெரிய ஊரின் முத்துப் பதித்த திரையும் வந்தது, சின்ன ஊரின் ஒட்டுப்போட்ட பருத்தித் துணியும் வந்தது. நீங்கள் பார்த்த சுட்டுக்கோல் ஒவ்வொன்றையும் பிடித்து ஒவ்வொரு சனிக்கிழமையும் யாரோ தோரா என்ற யூத வேதத்தை வாசித்திருக்கிறார்கள். சுருளின் தோலைக் கையால் தொடக்கூடாது, அதனால்தான் நுனியில் சின்ன விரல் நீட்டிய அந்தக் கோல். ஏன் இத்தனை என்று கண்காட்சியில் இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம், அதில் உங்கள் பக்கம்தான் நான்.

வந்த பொருள்களுக்கு அட்டை எழுதியவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொபியாஸ் யாகொபோவிட்ஸ் நூலகர். யோசெஃப் போலாக், அதற்கு முன் ஸ்லோவாக்கியாவின் கொஷிட்செ நகர அருங்காட்சியகத்தை நடத்தியவர். ஹானா வொலாவ்கோவா கலை வரலாற்றாசிரியர். ஒவ்வொரு பொருளையும் அளந்து, வந்த ஊரைக் குறித்து, எண் கொடுத்து ஜெர்மன் மொழியில் அட்டை எழுதினார்கள். கண்காட்சிகளும் அமைத்தார்கள். 1942-இல் உயர் ஜெப ஆலயத்தில் எபிரேய ஏடுகளும் அச்சு நூல்களும், 1943-இல் கிளாவ்ஸ் ஆலயத்தில் பண்டிகைகளும் பிறப்பு முதல் இறப்பு வரையிலான சடங்குகளும். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை, வந்து பார்த்தது எஸ்.எஸ். அதிகாரிகள். காட்சி அமைப்பில் வேலை செய்தவர் ஃப்ரான்டிஷெக் ஸெலென்கா, அன்றைய பிராகின் பேர்பெற்ற நாடக மேடை வடிவமைப்பாளர். 1943 ஜூலையில் அவரையும் தெரெசினுக்கு அனுப்பினார்கள். அங்கே சிறுவர்கள் பாடிய ஓபராவுக்கு மேடை அமைத்தார். அடுத்த ஆண்டு இறந்துபோனார். யாகொபோவிட்ஸும் போலாக்கும் 1944-இல் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டவர்கள். திரும்பவில்லை. வொலாவ்கோவா பிழைத்து வந்தார், போருக்குப் பின் அருங்காட்சியகப் பொறுப்பு அவரிடம் வந்தது. இன்று அங்கே சுமார் 40,000 பொருள்கள் இருக்கின்றன.

அதனால் ‘வந்த ஊர்’ என்ற வரியைத் தாண்டிப் போகாதீர்கள். அந்த ஒற்றைச் சொல்லின் விலை என்ன என்று பிறகு தெரிந்தது. 1964-இல், ஈரமான கிடங்கில் கிடந்த 1,564 தோராச் சுருள்களைச் செக்கோஸ்லோவாக்கிய அரசு லண்டனுக்கு விற்றது. அவை வெஸ்ட்மின்ஸ்டர் ஜெப ஆலயத்துக்குப் போய்ச் சேர்ந்தன. சுருளில் ஊர்ப்பெயர் எழுதும் வழக்கம் இல்லை, எல்லாவற்றிலும் தோராவின் அதே ஐந்து ஆகமங்கள்தான். எண் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த சுருளுக்கு ஊர் உண்டு. சீட்டு உதிர்ந்த சுருள் அநாதை.

இப்போது கேட்லாக்குக்கு வருவோம். அதில் ‘சுருள் கட்டு’ என்று நீளமான நாடாத்துணி ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அகலம் ஒரு சாண் கூட வராது, நீளம் மூன்று மீட்டர் வரை போகும். இந்த வினோத அளவு எப்படி வந்தது? ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம், அதாவது நுனித்தோல் நீக்கும் சடங்கு. அன்று குழந்தையைச் சுற்றியிருந்த துணியை நான்கு கீற்றாக வெட்டி, ஒன்றோடொன்று நீளவாக்கில் தைத்துவிடுவார்கள். குழந்தையின் பெயர், பிறந்த நாள், ‘தோராவுக்கும் திருமணப் பந்தலுக்கும் நற்செயல்களுக்குமாக வளரட்டும்’ என்ற வாழ்த்து எல்லாம் அதில் பின்னி, ஆலயத்துக்குக் கொடுப்பார்கள். தோராச் சுருளைக் கட்டுவதற்கு. நீளம், அகலம் என்று அலுத்துக்கொண்டீர்களே, அந்த அளவுக்குள் இருப்பது ஒரு பச்சைக் குழந்தை.

நூல் வகையும் அப்படித்தான். பூப்போட்ட பிரெஞ்சுப் பட்டு என்று போட்டிருக்கும், தையல் மட்டும் கோணல்மாணலாக ஓடும். பெரும்பாலும் அது ஒரு பெண்ணின் உடையாக இருந்து, பிரித்துத் திரையாக்கியது. எழுத்துப் பின்னலின் மொழிபெயர்ப்பு கீழே இருந்தால் அதையும் படியுங்கள். இன்னாரும் அவர் மனைவி இன்னாரும் கொடுத்தது, இந்த ஆண்டு. நம் கோயில் ட்யூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்து எழுதும் உபயம்தான், கொஞ்சம் அழகாக. ஆண்டை எண்ணாக எழுதாமல் எபிரேய எழுத்தாகவே எழுதுவார்கள், ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பு. சில திரைகளில் வேத வசனம் ஒன்றை எடுத்து, அதில் சில எழுத்துகளை மட்டும் குறியிட்டுக் காட்டியிருப்பார்கள். அவற்றைக் கூட்டினால் ஆண்டு வரும்.

குழந்தைகளின் ஓவியங்கள் உங்களைப் பாதித்ததாகச் சொல்கிறீர்கள். அதிலும் பட்டியல் உண்டு. தெரெசினில் அவர்களுக்கு வரையக் கற்றுக்கொடுத்தவர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ், ஜெர்மனியின் பௌஹாவுஸ் கலைப் பள்ளியில் படித்த ஓவியர். வரைந்த தாளில் பெயரை எழுதச் சொல்லி வற்புறுத்துவார். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்படும் முன், ஓவியங்களை இரண்டு சூட்கேஸில் அடைத்து மறைத்து வைத்தார். 4,000-க்கும் மேற்பட்ட தாள்கள். அவர் கொல்லப்பட்டார், சூட்கேஸ்கள் பிராகுக்கு வந்து சேர்ந்தன. மூலையில் பெயர் இருந்ததால்தான், எந்தப் படம் எந்தப் பிள்ளை வரைந்தது, அந்தப் பிள்ளை என்ன ஆனது என்று பிற்பாடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. கீழே சுவரில் நீங்கள் பார்த்த 77,000-க்கும் மேற்பட்ட பெயர்களில் அந்தப் பெயர்களில் பலவும் உண்டு.

கேட்லாக்கை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம், எனக்கும் அது முடியாது. கடைசியில் ஊர்ப்பெயர் அகராதி இருந்தால் அதைத் திறந்து, ஏதாவது ஒரு சின்ன ஊரைப் பிடித்து, அங்கிருந்து வந்த துணிகளை மட்டும் பாருங்கள். அப்புறமும் அலுத்தால் எனக்கு அனுப்பிவையுங்கள். அஞ்சல் செலவு என்னுடையது.