ஏழு பேர் சேருவார்களா?

கேள்வி: வார இறுதியில் போர்டு கேம் ஆடும் நண்பர்கள் நாங்கள் நான்கு பேர். 'எம்பயர்ஸ் இன் ஆர்ம்ஸ்' என்ற நெப்போலியன் காலத்துப் போர் விளையாட்டின் பழைய பெட்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பிரான்ஸை எடுத்தவர்தான் ஜெயிப்பார் என்கிறார்கள். அதைச் சரிக்கட்ட, பிரெஞ்சுப் படையின் பலத்தைக் குறைத்து, தானே எழுதிய திருத்த விதிகளையும் சேர்த்துத் தருகிறாராம் விற்பவர். வாங்கலாமா?

பதில்: நான்கு பேர்தான் என்றால் வேண்டாம். இவ்வளவுக்கும் எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு அது.

1805 ஜனவரி முதல் 1815 டிசம்பர் வரை மாதத்துக்கு ஒரு சுற்று, மொத்தம் 132 சுற்றுகள். முழுதாக ஆட நூறு மணி நேரம் போதாது. பிரான்ஸ், பிரிட்டன், ரஷ்யா, ஆஸ்திரியா, பிரஷ்யா, ஸ்பெயின், துருக்கி என ஏழு நாடுகள். நாட்டுக்கு ஓர் ஆள் வேண்டும்.

பிரான்ஸ் பலமானதுதான், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். 1805 அக்டோபரில் உல்ம், டிசம்பரில் ஆஸ்டர்லிட்ஸ், அடுத்த அக்டோபரில் யேனா என்று மூன்று போர்களில், ஒரே வருஷத்தில் ஆஸ்திரியாவையும் பிரஷ்யாவையும் மடக்கிய படை அது. அதன் பலத்தைக் குறைத்தால் ஆஸ்திரியாவுக்குப் பயம் விட்டுப்போகும். பயமில்லாதவர் ரஷ்யாவிடம் ஏன் கூட்டணி பேசப் போகிறார்? அந்தத் திருத்த விதிகளுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

சமன் செய்யும் வேலையை இதில் ஏலமே பார்த்துக்கொள்கிறது. தொடக்கத்தில் ஒவ்வொருவரும் சில வெற்றிப் புள்ளிகளை ரகசியமாக எழுதிவைப்பார்கள். அதிகம் எழுதியவர் முதலில் நாட்டைத் தேர்ந்தெடுப்பார். எழுதிய புள்ளி, ஜெயிக்க அவர் எட்ட வேண்டிய இலக்கோடு கூடிவிடும். இலக்கும் நாட்டுக்கு நாடு வேறு. துருக்கி பாரிஸைப் பிடிக்க வேண்டியதில்லை, தன் கணக்கை எட்டினால் போதும்.

சண்டையும் வெறும் ஆள்பலம் அல்ல. இருவரும் ஆளுக்கொரு தந்திரச் சீட்டைக் கவிழ்த்து வைப்பார்கள். சுற்றி வளைக்க நினைப்பவர் படையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பிரிந்துபோன பகுதி எப்போது வந்து சேரும் என்பது பகடையின் கையில். அதுவரை மீதிப் படை தனியாகத் தாக்குப்பிடிக்க வேண்டும். எதிராளி இதை முன்கூட்டியே ஊகித்துவிட்டால் பெரிய படையும் சிதறும். அந்தச் சீட்டைத் திருப்பும் நொடிக்காகவே நான் இதை ஆடுகிறேன்.

ஆள் குறைந்தால் கூட்டணியும் பேரமும் கெடும். நாங்கள் ஒருமுறை ஐந்து பேராகத் தொடங்கி, ரஷ்யாவையும் பிரஷ்யாவையும் ஒருவரிடமே கொடுத்தோம். அவருக்குப் பேரமும் இல்லை, முதுகில் குத்துவார்கள் என்ற பயமும் இல்லை. ஆட்டத்தில் 1806 முடிவதற்குள் பிரான்ஸ் ஆடியவர் தோற்றுப்போய் எழுந்துவிட்டார். ஜெயித்தவருக்கும் சந்தோஷமில்லை.

உங்கள் நால்வருக்கு ஜிஎம்டி வெளியிட்ட 'தி நெப்போலியானிக் வார்ஸ்' பொருந்தும். சீட்டுகளை வைத்து நடத்தும் ஆட்டம், இரண்டு முதல் ஐந்து பேர் வரை ஆடலாம். நல்ல சீட்டு வராத சுற்றில் எரிச்சல் வரும், ஆனால் யாரும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

பின்னால் ஏழு பேர் சேர்ந்து, பழைய பெட்டியைத்தான் வாங்குவதென்றால், பணம் கொடுக்கும் முன் கவுன்ட்டர்களை (படைகளைக் குறிக்கும் சிறு அட்டைத் துண்டுகள்) நாடுவாரியாக அடுக்கிப் படம் அனுப்பச் சொல்லுங்கள். நான் வாங்கிய பெட்டியில் துருக்கியின் கவுன்ட்டர்கள் சில இல்லை; அட்டையில் வெட்டி ஒட்டித்தான் ஆடினோம். மேப்பின் மடிப்புகள் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: 'எம்பயர்ஸ் இன் ஆர்ம்ஸ்' கணினிப் பதிப்பை வாங்கித் தனியாக ஆடலாமா?

பதில்: மேட்ரிக்ஸ் கேம்ஸ் 2007-ல் கொண்டுவந்த பதிப்பு அது. விதிகளைப் பழக, சாப்பாட்டு மேஜையை மாதக்கணக்கில் அடைக்காமல் ஆட உதவும். ஆனால் கணினியிடம் பேரம் பேசுவதில் சுவை இல்லை. மின்னஞ்சல் வழியாக நண்பர்களோடு ஆடும் வசதி இருக்கிறது. அதற்காக வாங்குவதென்றால் சரி.