90 மில்லிமீட்டரில் ஓட்டுக் கூரை தெரியாது, ஊருணி தெரியும்

தம்பி, 90 மில்லிமீட்டர் ஆடி வைத்த சின்னச் செயற்கைக்கோளை 500 கிலோமீட்டர் உயரத்தில் விட்டு, செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வீடுகளில் ஓட்டுக் கூரை எங்கெங்கே சரிந்திருக்கிறது என்று 1 மீட்டர் துல்லியத்தில் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. எவ்வளவு நல்ல சென்சார் வாங்கினாலும் முடியாது, ஏனென்றால் தடை ஒளியிலேயே இருக்கிறது: பச்சை ஒளியின் அலைநீளம் 550 நானோமீட்டர், அதை உயரத்தாலும் 1.22 ஆலும் (வட்ட ஆடிக்கான மாறிலி) பெருக்கி ஆடியின் விட்டத்தால் வகுத்துப் பாருங்கள், 3.7 மீட்டர் வரும், அதைவிட நெருங்கிய இரண்டு புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது. 1 மீட்டர் வேண்டுமென்றால் ஆடி 34 சென்டிமீட்டர் ஆகிவிடும், செலவும் எங்கேயோ போய்விடும்.

பேசாமல் ஊருணிகளைப் பாருங்கள். தண்ணீர் எவ்வளவு பரப்பில் கிடக்கிறது என்று அளக்க 4 மீட்டர் தாராளம். 5.5 மைக்ரான் பிக்சலுக்குக் குவியத் தூரம் சுமார் 690 மில்லிமீட்டர், இரண்டு ஆடி வைத்து ஒளியின் பாதையை மடக்கினால் சின்னக் குழாயிலேயே அடங்கிவிடும்.

எனக்கு உறுத்துவது ஆடிகளைத் தாங்கும் உங்கள் அலுமினியக் குழாய்தான். ஆடி கண்ணாடியில், குழாய் அலுமினியத்தில் என்றால், 10 டிகிரி குளிர்ந்ததும் 20 சென்டிமீட்டர் குழாய் 46 மைக்ரான் சுருங்கும். கேட்க அற்பம், ஆனால் இரண்டாம் ஆடி அதைப் பல மடங்காக்கிப் படத்தை மங்கலாக்கிவிடும். குழாயை இன்வாரிலோ (சூடு, குளிரில் அதிகம் நீளம் மாறாத உலோகக் கலவை) கார்பன் இழையிலோ செய்யலாம், இல்லை (என் ஓட்டு இதற்குத்தான், மலிவு) ஆடிகளையும் அலுமினியத்திலேயே கடைந்துவிடுங்கள், எல்லாம் சேர்ந்து சுருங்கினால் குவியம் நகராது.

அப்புறம், செயற்கைக்கோள் தரைமேல் நொடிக்குச் சுமார் 7 கிலோமீட்டர் ஓடும், 4 மீட்டரைக் கடக்க 0.6 மில்லிநொடிகூட ஆகாது. படம் இழுபடாமல் இருக்க ஷட்டர் அதற்குள் மூட வேண்டும்.