பதில்: மைலோ டின்ல தாத்தா பாட்டி கடிதம், லேமினேட் பண்ணலாமா?

தங்கச்சி, லேமினேட் மட்டும் வேணாம்லா. அந்தச் சூட்டுல ஒருவாட்டி ஒட்டிட்டா அப்புறம் பிரிக்கவே முடியாது. ஒட்டிக்கிட்டிருக்கிற தாளையும் இழுக்காதீங்க, இருக்கிறபடியே போன்ல படம் எடுத்துட்டு, நல்லா காஞ்ச டப்பாவுல சிலிக்கா பொட்டலத்தோட வைங்க, நம்ம மலேசியா ஈரத்துக்கு மைலோ டின் துருப்பிடிச்சு கறை ஏத்திரும்.

தேதியே இல்லன்னு சொன்னீங்க, ஆனா மேல பிள்ளையார் சுழிக்குப் பக்கத்துல 'விளம்பி, தை'ன்னு இருக்குன்னும் நீங்களே எழுதியிருக்கீங்க, அதான் தேதி! விளம்பி 1958 சித்திரையில ஆரம்பிச்ச வருஷம், அப்போ தைன்னா 1959 ஜனவரி, பிப்ரவரி. கவர்ல இந்தியா ஸ்டாம்ப் நயா பைசாவுல இருந்தா 1957க்கு முன்னாடி இருக்க வழியில்ல, அதையும் பாத்துக்குங்க.

பாட்டி கையெழுத்து ரெண்டு விதமா இருக்குன்னு பயப்படாதீங்க. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்துல இருந்த எங்க பாட்டிக்கும் எழுதத் தெரியாது, பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) பையன்தான் எழுதிக் கொடுப்பானாம். அவன்கிட்ட வெக்கத்தை விட்டு எவ்வளவுதான் சொல்ல முடியும், அதனால 'ஆடு குட்டி போட்டிருக்கு, மழை ஜாஸ்தி, மரம் வெட்டு (ரப்பர் பால் எடுக்கிற வேலை) இல்ல, நீங்க எப்ப வர்றீங்க'ன்னு ஒரே மூச்சுல இருக்கும், அந்தக் கடைசி மூணு வார்த்தைக்குத்தான் மொத்தக் கடிதமும். உங்க தாத்தா மச்சானுக்கு எழுதி 'வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்'னு முடிச்சிருக்காரே, அந்த அனைவரும் யாருன்னு நினைக்கிறீங்க?