மலையில் பேட்டரி, ஊரில் போர்டு

அன்புள்ள ஐயா,

கடற்படையில் மாலுமியாக இருக்கிறேன். வீடு சேலம் அஸ்தம்பட்டியில், அம்மா இருப்பது ஏற்காட்டில். விசாகப்பட்டினம், கார்வார், இப்போது போர்ட் பிளேர் என்று இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மூட்டை கட்டுகிற பிழைப்பு. எலெக்ட்ரானிக்ஸ்தான் பொழுதுபோக்கு. லீவில் வரும்போதெல்லாம் ஏதாவது ஒன்று செத்துக் கிடக்கிறது. இந்த முறை பரணில் வைத்திருந்த ட்ரோன் பேட்டரி உப்பிவிட்டது. கையோடு கொண்டுவந்த சென்சார் போர்டில் பச்சையாகப் பூத்திருக்கிறது. ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) போட்டுத் துடைத்தும் ஒரே வாரத்தில் மறுபடி வந்துவிட்டது. எதை வீட்டில் விடுவது, எதை எடுத்துப் போவது? ஏற்காட்டில் சின்னதாக ஒரு வானிலை நிலையம் வைத்துவிட்டுப் போக ஆசை. நான் இல்லாமல் ஓடுமா?

பெயர் வேண்டாம், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தப் பச்சை. அது கடல் உப்பும் செம்பும் சேர்ந்து செய்த வேலை. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். துறைமுக ஊரில் அது தினசரி நடக்கிற சங்கதி. ஐபிஏ பிசுக்கைக் கரைக்கும், சால்டரிங் செய்யும்போது படிகிற ஃபிளக்ஸைக் கரைக்கும், உப்பைக் கரைக்காது. நீங்கள் துடைத்தது உப்பை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தள்ளியது, அவ்வளவுதான்.

உப்புக்குத் தண்ணீர்தான் மருந்து. பேட்டரியையும் காயின் செல்லையும் கழற்றிவிடுங்கள். காற்றழுத்த சென்சாரின் தலையில் ஒரு பொடித்துளை இருக்கும், அதன்மேல் கேப்டன் டேப் (சூடு தாங்கும் மஞ்சள் டேப், Kapton) ஒட்டுங்கள். இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரை வெதுவெதுப்பாக்கி, மெல்லிய பல்துலக்கும் பிரஷ்ஷால் இரண்டு முறை கழுவுங்கள். இரண்டாவது முறைக்குப் புதுத் தண்ணீர். அதற்குப் பிறகுதான் ஐபிஏ, அதுவும் 99 சதவீதம். தங்கிய நீரை வெளியேற்றுவதுதான் அங்கே அதன் வேலை. மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மிச்சமே தண்ணீர். நன்றாகக் காய்ந்ததும் அக்ரிலிக் கோட்டிங் ஸ்ப்ரே, மெல்லிசாக இரண்டு பூச்சு. யூஎஸ்பி வாய், எஸ்டி கார்டு சொருகும் இடம், சென்சார் மூன்றையும் டேப்பால் மறைத்துவிட்டு அடியுங்கள். உப்பைக் கழுவாமல் பூசினால் துருவின்மேல் பெயின்ட் அடித்த கதை. உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும்.

அடுத்தது எதை எங்கே வைப்பது. உங்களுக்குச் சேலமும் இருக்கிறது, ஏற்காடும் இருக்கிறது. இந்த வசதி பல பேருக்கு இல்லை, ஆனால் நீங்கள் தலைகீழாகப் பயன்படுத்துகிறீர்கள். லித்தியம் பேட்டரிக்கு எதிரி சூடும் முழு சார்ஜும். சித்திரை மாதச் சேலத்தில், பரணில், நூறு சதவீத சார்ஜோடு கிடந்த பேட்டரி உப்பாமல் என்ன செய்யும்? போர்டுக்கும் கேமரா லென்சுக்கும் எதிரி ஈரம், அதாவது ஏற்காட்டு மூடுபனி. ஆகவே பேட்டரிகள் மலைக்கு, போர்டுகள் ஊருக்கு. 1500 மீட்டர் உயரத்தில் சேலத்தைவிட எட்டுப் பத்து டிகிரி குறைவு, அது பேட்டரிக்குப் பெரிய ஆயுள்.

ட்ரோனின் லித்தியம் பாலிமரை செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்துங்கள். மூன்று செல் என்றால் மொத்தம் 11.4. 18650 என்கிற உருளை லித்தியம் செல்லுக்கு 3.7, 3.8 போதும். கருவியிலிருந்து கழற்றியே வையுங்கள், அணைத்து வைத்தாலும் போர்டு துளித்துளியாக உறிஞ்சும். 2.5 வோல்ட்டுக்குக் கீழே போய் நாளானதை உயிர்ப்பிக்கப் பார்க்காதீர்கள். உள்ளே செம்பு கரைந்து படிந்து, சார்ஜ் ஏற்றும்போது ஷார்ட் ஆகலாம். உப்பிய பேட்டரியைக் குத்தவும் வேண்டாம், சார்ஜ் போடவும் வேண்டாம். மணல் போட்ட தகர டப்பாவில் வீட்டுக்கு வெளியே வைத்து, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். (கொண்டை ஊசி வளைவு ஏற ஏற சிப்ஸ் பாக்கெட் உப்புமே, அந்த உப்பல் வேறு. அது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால். இது உள்ளே வாயு உண்டாவதால். மலை இறங்கினாலும் வடியாது.)

இரண்டு வீட்டிலும் ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகா டப்பாதான். பத்து லிட்டர் டப்பாவுக்கு 150 கிராம் சிலிக்கா ஜெல், ஆரஞ்சு நிறம் வாங்குங்கள். நீல நிறத்தில் இருப்பது கோபால்ட், நல்லதல்ல. ஈரம் குடித்தால் ஆரஞ்சு பச்சையாகும். சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் சிறு தீயில் கிளறினால் மறுபடி ஆரஞ்சு. தீ அதிகமானால் கருகி நிறம் மாறும் குணமே போய்விடும். அரிசிக்குள் புதைத்து வைப்பதை விட்டுவிடுங்கள், தவிடுதான் மிச்சம்.

வானிலை நிலையம் ஓடும். ஆனால் காற்றழுத்த சென்சார் பிஎம்பி280 முதல் நாள் காட்டும் எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள். ஏற்காட்டில் 845 மில்லிபாரை ஒட்டித்தான் வரும், சேலத்தில் 980 அளவில். 1979இல் டிப் சூறாவளியின் நடுவே கடல்மட்டத்தில் அளந்த மிகக் குறைந்த அழுத்தமே 870 தான்! உயரத்தைக் கொடுத்துக் கடல்மட்டத்துக்குக் கணக்கிட்ட பிறகே கப்பல் பாரோமீட்டரோடு ஒப்பிடலாம்.

பெரும்பாலும் கெடுவது மின்சாரக் கணக்கில். நிலையத்தை இயக்கும் இஎஸ்பி32 சிப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து விநாடி விழித்து 100 மில்லி ஆம்பியர் எடுத்தால், நாளுக்கு 20 மில்லி ஆம்பியர்-மணி. 2500 கொள்ளளவு செல் வெயிலே இல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் தாங்கும். அதையே கடையில் வாங்கிய டெவலப்மென்ட் போர்டில் செய்தால், சிவப்பு விளக்கும் யூஎஸ்பி சிப்பும் ரெகுலேட்டரும் சேர்ந்து தூக்கத்திலும் 10 மில்லி ஆம்பியர் தின்னும். பத்து நாளில் காலி. வெறும் மாட்யூலில் கட்டுங்கள், இல்லையென்றால் விளக்கையாவது பெயர்த்துவிடுங்கள். மூடுபனி நாட்களில் ஈரப்பத சென்சார் நூறிலேயே ஒட்டிக்கொள்ளும். எஸ்எச்டி31 ஈரப்பத சென்சாரில் உள்ளேயே ஹீட்டர் உண்டு, அவ்வப்போது ஒரு விநாடி போட்டு எடுக்க நிரலில் எழுதுங்கள். குளவி கூடு கட்டாமலிருக்கத் துளைகளில் கொசுவலை.

சேலத்துக்குத் தகவல் அனுப்ப லோரா (வெகுதூரம் போகும், குறைந்த மின்சாரம் எடுக்கும் ரேடியோ) என்றால் 865-868 மெகாஹெர்ட்ஸ் மாட்யூல் மட்டும். 915 என்று எழுதியிருந்தால் அது நம் ஊருக்கில்லை. லேடீஸ் சீட் பக்கம் சேலம் நேராகத் தெரியும், சிக்னலும் போகும். அம்மாவின் வீடு ஏரிப் பள்ளத்தில் என்றால் மலை விளிம்பு மறைக்கும்; அங்கே வைஃபையே மேல். ஆன்டெனா மாட்டாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

கையோடு: டைப்-சி சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், பிரெட்போர்டு, நாலைந்து சென்சார். 3 கிலோவுக்குள் அடங்கும். ட்ரோன் வேண்டாம், தளம் அருகே அதை எடுத்தாலே வம்பு. கடற்படை 2019 டிசம்பரிலேயே கப்பலிலும் தளத்திலும் ஸ்மார்ட்போனைத் தடுத்தது உங்களுக்கே தெரியும். ரேடியோ உள்ள எதையும் குவார்ட்டர்ஸ் தாண்டிக் கொண்டுபோகாதீர்கள். போர்ட் பிளேர் விமானத்தில் பவர் பேங்க் கைப்பையில்தான். 20000 மில்லி ஆம்பியர்-மணி என்றால் 3.7 ஆல் பெருக்கி 74 வாட்-மணி, பிரச்சினையில்லை. 30000 என்றால் 111. நூறைத் தாண்டுவதால் விமான நிறுவனத்திடம் முன்பே கேட்க வேண்டும்.

லீவு முடிய பத்து நாள் இருக்கும்போதே நிலையத்தை மாட்டிவிடுங்கள், சோலார் பேனலைக் கழற்றிவைத்து. தினமும் செல் வோல்ட்டை எழுதிக்கொண்டு வாருங்கள். பத்து நாளில் அது படுத்துவிட்டால் எங்கேயோ எதுவோ தூங்கவில்லை. அதைக் கண்டுபிடித்துவிட்டு பேனலை மாட்டிக் கிளம்புங்கள். அம்மாவிடம் ஒரே வேலை மட்டும் விடுங்கள்: டப்பாவில் சிலிக்கா ஜெல் மணி பச்சையானால் போன் பண்ணச் சொல்லி.