முதல் மழையும் கறுத்த ஆறும்: கடலூர், புதுச்சேரி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த மறுநாள் கெடிலம் ஆறு கறுத்துப்போய், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஆலைக் கழிவா? – புதுப்பாளையம், கடலூர்

ஆலையாகவும் இருக்கலாம். ஆனால் முதல் மழைக்கு மட்டும் வரும் கறுப்பு என்றால், என் சந்தேகம் முதலில் நம் தெருக்கள் மேல்தான். கோடை முழுக்க ரோட்டில் சொட்டிய ஆயில், டயர் தேய்ந்த தூள், சாணம், கடைகளின் எச்சில் தண்ணீர், வடிகாலில் மாதக்கணக்கில் புளித்துக் கிடந்த சேறு என எல்லாவற்றையும் மழையின் முதல் அரை மணி நேரமே வாரிக்கொண்டு போய்விடுகிறது. பண்ருட்டியிலிருந்து கடலூர் வரை கரையோர ஊர்கள் எல்லாமே இதில் பங்கு போடுகின்றன.

மீன் தவிப்பது பெரும்பாலும் விஷத்தால் அல்ல, மூச்சு முட்டுவதால். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல நீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். குளிக்கத் தகுந்த ஆற்றுக்கே குறைந்தது 5 வேண்டும். அழுகும் கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் அந்த ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன. விடியற்காலையில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் இரவில் பாசியும் ஆக்சிஜனைத் தருவதில்லை, எடுத்துக்கொள்ளத்தான் செய்கிறது.

மழையே இல்லாத நாளிலும் ஒரே குழாய் வாயிலிருந்து நிறமோ நெடியோ வந்தால் அது வேறு கதை. நேரம், இடம், படத்துடன் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் கொடுங்கள்.

வீட்டு வாசல் மழைநீர் வடிகால் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தானே போகிறது? – முத்தியால்பேட்டை

இல்லை. பாதாளச் சாக்கடைதான் அங்கே போகும். மழைநீர் வடிகால் வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் கடலுக்கும் நேராகப் போவது. பெயின்ட் கழுவிய தண்ணீரையோ பழைய என்ஜின் ஆயிலையோ அதில் ஊற்றவே ஊற்றாதீர்கள்.

தெருவில் ஓடும் மழைத் தண்ணீரைப் பழைய போர்வெல்லுக்குள் விட்டால் நிலத்தடி நீர் ஏறுமே? – வில்லியனூர்

ஏறும், அழுக்கும் சேர்ந்தே இறங்கும். தண்ணீரை வடிகட்டுவது நடுவில் இருக்கும் மண்தான். குழாய் அந்த மண்ணையே தாண்டிப் போய்விடுகிறது. ஒருமுறை கெட்ட நிலத்தடி நீரை மீட்பது மிகக் கடினம், அதனால் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மொட்டை மாடித் தண்ணீர் என்றால் சரி: முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அப்புறம் ஜல்லியும் மணலும் போட்ட தொட்டி வழியாக இறக்குங்கள்.

வயலில் போடும் யூரியா ஏரியைக் கெடுக்குமா? – பாகூர்

கெடுக்கும். யூரியா நீரில் உடனே கரைந்துவிடும். போட்ட மறுநாள் கனமழை பெய்தால், உங்கள் காசு வாய்க்கால் வழியாகப் போய் ஏரியில் பாசியாக வளரும். வானிலை அறிவிப்பைப் பார்த்து, மழை இல்லாத நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடுங்கள். போட்டதும் சில நாள் மடையை அடைத்து வையுங்கள். நெல்லுக்கு இலை வண்ண அட்டையை (இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டை) பார்த்துப் போட்டால் உரமும் மிச்சமாகும்.

2024 ஃபெஞ்சல் புயலின்போது தென்பெண்ணை வெள்ளம் எங்கள் கிணற்றில் இறங்கிவிட்டது. தண்ணீர் தெளிந்த பிறகு குடித்தோம். இனி அப்படி நடந்தால் குடிக்கலாமா? – கடலூர்

தெளிவை நம்ப வேண்டாம். குடிநீரில் 100 மில்லிலிட்டருக்கு மலக் கலப்பைக் காட்டும் ஈ-கோலை என்ற கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது, அது கண்ணுக்கும் தெரியாது. கிணற்றை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, மறுபடி இறையுங்கள். சோதனை முடிவு வரும்வரை கொதிக்கவைத்த தண்ணீர்தான். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதிக்கலாம். கிருமிச் சோதனைக்குப் பழைய வாட்டர் பாட்டிலில் கொண்டுபோகாதீர்கள். அவர்களிடமே கிருமி நீக்கிய பாட்டில் கேட்டு வாங்கி, எடுத்த தண்ணீரை ஐஸில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.