வெள்ளிக்கிழமைச் சான்றிதழும் ரேங்க் கார்டும்

தம்பிக்கு,

கோவையிலிருந்து இங்கிலாந்தின் லெஸ்டருக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, செப்டம்பரில் ஏழு வயது மகளை ஆரம்பப் பள்ளியில் இயர் 3 வகுப்பில் சேர்த்தீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். ரேங்க் இல்லை, மார்க் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் அசெம்பிளியில் யாராவது ஒரு பிள்ளைக்குச் சான்றிதழ் கொடுக்கிறார்கள், அதுவும் "தனியாக நின்ற தோழியை விளையாட்டில் சேர்த்துக்கொண்டாள்" என்பது போன்ற காரணத்துக்கு. உங்கள் மகளுக்கு இதுவரை ஒன்றும் வரவில்லை. ஆசிரியர் உள்ளே வந்தால் யாரும் எழுந்து நிற்பதில்லை. போதாக்குறைக்கு ஒரு பையன் அவளுடைய சாம்பார் சாதத்தைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டான். "மரியாதையும் படிப்பும் இல்லாத இடத்தில் பிள்ளையைச் சேர்த்துவிட்டேனா, அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. இரண்டும் இருக்கின்றன. நம் ஊரில் தேடும் இடத்தில் தேடினால்தான் கிடைக்காது. என் பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளி முடித்தவர்கள். நானும் சில ஆண்டுகளாக ஒரு பள்ளியில் மதிய உணவு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். எனவே பள்ளி வாசலில் பெற்றோர் பேசிக்கொள்வதும் காதில் விழுகிறது, உள்ளே நடப்பதும் ஓரளவு தெரிகிறது.

அந்தச் சான்றிதழிலிருந்து தொடங்குகிறேன். பெரும்பாலான பள்ளிகளில் அதற்கு 'ஸ்டார் ஆஃப் தி வீக்' என்று பெயர். வகுப்பில் ஏறக்குறைய முப்பது பேர். பிள்ளைகள் பள்ளிக்கு வரும் நாள் ஆண்டுக்கு 190, அதாவது சுமார் 38 வாரம். கணக்கு உங்களுக்கே புரிந்திருக்கும். பல ஆசிரியர்கள் பெயர்ப்பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, யாருக்குக் கொடுத்தாயிற்று என்று குறித்துக்கொண்டே போவார்கள். கல்வியாண்டு முடியும் ஜூலைக்குள் எல்லோருக்கும் ஒரு முறையாவது வந்துவிடும். ஆகவே மகளுக்கு வரும் வாரத்தில் ஊருக்குப் போன் செய்து "வகுப்பில் முதலாவது வந்துவிட்டாள்" என்று பாட்டியிடம் சொல்லிவிடாதீர்கள். வராத வாரங்களில் அவளைக் குடைந்து கேட்கவும் வேண்டாம்.

அதற்காக அது வெறும் காகிதம் என்று தள்ளிவிடாதீர்கள். அதில் எழுதியிருக்கும் காரணத்தைப் படியுங்கள். நல்ல ஆசிரியர் அந்த ஒரு வரியில் நிறையச் சொல்லிவிடுவார். "இந்த வாரம் கை தூக்கித் தன் கருத்தைச் சொன்னாள்" என்று இருந்தால், இத்தனை நாள் வாயே திறக்கவில்லை என்று பொருள். "கடினமான கணக்கைக் கைவிடாமல் செய்து முடித்தான்" என்றால், பாதியில் விட்டுவிடும் பழக்கம் இருந்திருக்கிறது. மகளிடம் ஆசிரியர் எதைக் கவனிக்கிறார், எதை வளர்க்கப் பார்க்கிறார் என்பது உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் தகவல். எழுபத்தெட்டு மார்க் என்ற எண்ணில் இது கிடைக்காது. யாரையும் மிஞ்சியதற்காகத் தரப்படுவதில்லை. நேற்றைய தன்னைவிட ஓர் அடி முன்னே போனதற்குத்தான் இந்தப் பாராட்டு.

இதைத் தவிர ஹவுஸ் பாயிண்ட் உண்டு. பிள்ளைகளை நான்கைந்து அணிகளாகப் பிரித்து, தனி ஆள் வாங்கும் புள்ளியை அணிக் கணக்கில் சேர்ப்பார்கள். சில வகுப்புகளில் கண்ணாடி ஜாடியில் கோலிக்குண்டு போடுவார்கள். ஜாடி நிறைந்தால் வகுப்புக்கே கொண்டாட்டம். வெள்ளிக்கிழமை சில பிள்ளைகளைத் தலைமையாசிரியர் தம் அறைக்கு அழைத்து ஹாட் சாக்லேட் கொடுக்கும் வழக்கமும் பல பள்ளிகளில் இருக்கிறது. தலைமையாசிரியர் அறை என்றாலே நமக்கு வயிற்றைக் கலக்கும். இங்கே பிள்ளைகள் அங்கே போக ஏங்குகிறார்கள். எனக்குப் பிடிக்காத சான்றிதழ் ஒன்று உண்டு: நூறு சதவீத வருகைக்குக் கொடுப்பது. காய்ச்சலில் படுத்த பிள்ளை என்ன குற்றம் செய்தது? சில பள்ளிகள் அதை நிறுத்திவிட்டன, நல்லது. எதற்கெடுத்தாலும் "அற்புதம், அருமை" என்று சொல்லும் பழக்கமும் இங்கே கொஞ்சம் அதிகம்தான். பிள்ளைகள் சீக்கிரமே அதைக் கழித்துக் கேட்கப் பழகிவிடுகிறார்கள்.

சரி, படிப்பு. சான்றிதழை வைத்துப் படிப்பை அளக்க முடியாது என்றால் எதை வைத்து அளப்பது என்பதுதானே அடுத்த கேள்வி? ஆசிரியரிடம் கணக்கு இருக்கிறது. நீங்கள் கேட்டால்தான் சொல்வார். ஆண்டுக்கு ஒரு முறையாவது எழுத்தில் அறிக்கை தரவேண்டும் என்பது சட்டம். அது பெரும்பாலும் ஜூலையில் வரும். அதற்கு முன் பெற்றோர் சந்திப்பு இரண்டு முறை நடக்கும், ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம். இலையுதிர் காலச் சந்திப்பு முடிந்திருக்கும். அடுத்தது பிப்ரவரி, மார்ச் வாக்கில். அதில் ஐந்து நிமிடம் "மகிழ்ச்சியாக இருக்கிறாள், எல்லோரோடும் பழகுகிறாள்" என்பதிலேயே போய்விடும். சிரித்துத் தலையாட்டிவிட்டு எழுந்து வராதீர்கள். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் வயதுக்கு எதிர்பார்க்கும் நிலையில் இருக்கிறாளா, கீழேயா, மேலேயா என்று நேராகக் கேளுங்கள். அடுத்து எதைச் செய்தால் அவள் முன்னேறுவாள் என்றும் கேளுங்கள். இப்படிக் கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் வகுப்பில் எத்தனையாவது என்று கேட்டால் பதில் வராது, முகமும் மாறும்.

தேர்வே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். அடுத்த ஆண்டு இயர் 4 ஜூனில் பெருக்கல் வாய்ப்பாட்டுச் சோதனை இருக்கிறது: பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஆறு விநாடி. கோவையில் இரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு இது பெரிய காரியமாக இருக்காது; இருப்பதை மறக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆரம்பப் பள்ளியின் கடைசி ஆண்டான இயர் 6-இல், மே மாதத்தில் தேசியத் தேர்வு. மதிப்பெண் 80 முதல் 120 வரை, 100 வந்தால் எதிர்பார்த்த நிலை. லண்டன் உறவினர்கள், தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் கிராமர் பள்ளிகளின் நுழைவுத் தேர்வு பற்றி இப்போதே உங்களைப் பயமுறுத்தத் தொடங்கியிருப்பார்கள். லெஸ்டரில் அப்படிப்பட்ட அரசுப் பள்ளி கிடையாது. ரக்பி ஊரிலும் லிங்கன்ஷயர் பக்கமும் இருக்கின்றன. ஏழு வயதில் அந்தக் கவலை வேண்டாம்.

மரியாதை விஷயத்துக்கு வருகிறேன். எழுந்து நிற்பதை இங்கே யாரும் மரியாதையாக எண்ணுவதில்லை. பிரம்பு 1987-இலேயே அரசுப் பள்ளிகளிலிருந்து சட்டப்படி போய்விட்டது. அதோடு அச்சமும் போனது, ஒழுங்கு போகவில்லை. பின்னால் வருபவருக்காகக் கதவைப் பிடித்துக்கொள்வது, ஒருவர் பேசும்போது குறுக்கே பேசாமலிருப்பது, வரிசையில் முண்டியடிக்காமல் நிற்பது, சோறு போடுபவருக்கு நன்றி சொல்வது ஆகியவற்றைத்தான் பார்க்கிறார்கள். கடைசியாகச் சொன்னதை நான் தினமும் அனுபவிக்கிறேன். தட்டை நீட்டிவிட்டு நன்றி சொல்லாமல் நகரும் பிள்ளையைத் தலைமையாசிரியரே நிறுத்தித் திரும்ப அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். நம் ஊர்ப் பள்ளிகளில் ஆசிரியருக்குக் கிடைத்த வணக்கம் ஆயாவுக்குக் கிடைத்ததா என்று யோசித்துப் பாருங்கள். இன்னொன்று, பெரியவர்களும் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். "உன்னைத் தவறாக நினைத்துவிட்டேன்" என்று ஆசிரியர் ஏழு வயதுப் பிள்ளையிடம் சொல்வதை முதலில் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பள்ளியின் நடத்தை விதிகளை எழுதிப் பெற்றோருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்பது சட்டம். உங்கள் பள்ளியின் இணையதளத்தில் இருக்கும். ஒரு மாலை உட்கார்ந்து படித்துவிடுங்கள். எந்தத் தவறுக்கு என்ன செய்வார்கள், எதற்குப் பெற்றோரை அழைப்பார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

மகளிடம் ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிக்கொடுங்கள். பெரியவர்கள் பேசும்போது தலையைக் குனிந்து நிற்பது நம் வீட்டில் பணிவு. இங்கே அதைப் பார்க்கும் ஆசிரியர், பிள்ளை பயப்படுகிறது அல்லது எதையோ மறைக்கிறது என்று நினைக்கக்கூடும். பள்ளியில் பேசும்போது முகத்தைப் பார்த்துப் பேசு, தாத்தாவிடம் எப்போதும் போல இரு என்று சொன்னால் போதும். பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை, குழம்புவது நாம்தான்.

இனி அந்த மூக்கு. லெஸ்டரில் தெற்காசியர்கள் மிக அதிகம். 1972-இல் உகாண்டாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த குஜராத்திக் குடும்பங்கள் பல அங்கேதான் வேரூன்றின. ஆகையால் மூக்கைப் பொத்திய பையன் யார் வீட்டுப் பையன் என்று ஊகிக்காதீர்கள். பெருங்காய வாசனை வீட்டிலேயே பழகிய பிள்ளைகளும் மற்றவர் டப்பாவைக் கேலி செய்வதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

செய்யவேண்டியது, வகுப்பாசிரியருக்கு ஒரு சிறிய மின்னஞ்சல். என்று, எங்கே, யார் என்ன செய்தார், மகள் என்ன சொன்னாள், அவ்வளவுதான். கோபத்தை அதில் கொட்டவேண்டாம். அந்தப் பையனுடைய அம்மாவைப் பள்ளி வாசலில் நிறுத்திக் கேட்காதீர்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். அங்கே எழுதினால் மாலைக்குள் விஷயம் உங்கள் கையை விட்டுப் போய்விடும். ஆசிரியர் இருவரையும் உட்காரவைத்து, என்ன நடந்தது, யாருக்கு எப்படி இருந்தது, அதைச் சரிசெய்ய என்ன செய்யலாம் என்று பேசவைப்பார். அந்தப் பையனுக்கு என்ன தண்டனை என்று உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். உங்கள் மகளைப் பற்றி அவன் வீட்டுக்கும் சொல்லமாட்டார்கள். முதலில் இது ஏமாற்றமாக இருக்கும். நாளைக்கு உங்கள் மகளே ஏதாவது செய்துவிட்டு வந்து நிற்கும்போது அதன் அருமை தெரியும்.

ஒருமுறை நடந்ததும் திரும்பத் திரும்ப நடப்பதும் ஒன்றல்ல. மறுபடியும் நடந்தால் தேதியோடு குறித்துவைத்து மீண்டும் எழுதுங்கள். நிறத்தையோ மதத்தையோ இழுத்துப் பேசியிருந்தால் அதை வெளிப்படையாக எழுதுங்கள். 2010 சமத்துவச் சட்டத்தின் கீழ்ப் பள்ளிக்குக் கடமை இருக்கிறது, எவரும் அதை அலட்சியமாக ஒதுக்க முடியாது. நவம்பரில் இரண்டு காலுக்கும் வேறு வேறு சாக்ஸ் போட்டு அனுப்பச் சொல்லியிருப்பார்களே, அது கொடுமைப்படுத்தலுக்கு எதிரான வாரத்துக்காகத்தான். ஒரு நாள் சாக்ஸால் எதுவும் மாறிவிடாது என்று நீங்கள் சொன்னால் நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் அன்று வகுப்பில் நடந்த பேச்சை நினைவூட்டி ஆசிரியரிடம் முறையிட அது வசதி.

சாம்பார் சாதத்தை நிறுத்திவிட்டு உடனே ஜாம் பிரெட்டுக்கு மாறவேண்டாம். மகளே கேட்டால் மாற்றுங்கள், வெட்கத்துக்காக மாற்றாதீர்கள். மூக்கைப் பொத்தும் பிள்ளைகளே அடுத்த மாதம் முறுக்கைக் கண்டால் கை நீட்டுவார்கள். ஒவ்வாமைக்குப் பயந்து உணவைப் பகிர்ந்துகொள்ள அனுமதிப்பதில்லை என்பதால், அந்தக் கைகளை மடக்கும் வேலை எனக்கு வந்து சேர்கிறது.

மகளுக்குப் பாராட்டு கிடைக்க நீங்களும் வழி செய்யலாம். பள்ளிக்கு வெளியே வாங்கிய பதக்கம், சான்றிதழ்களைக் கொண்டுவரச் சொல்லி அசெம்பிளியில் காட்டும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. நீச்சல் பேட்ஜும் கராத்தே பெல்ட்டும்தான் அங்கே அதிகம் வரும். பரதநாட்டியத் தேர்வு, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் அதே மேடை உண்டு. நம்மவர்கள் கூச்சப்பட்டு அனுப்புவதில்லை, அவ்வளவே. கோடை விடுமுறையில் பொது நூலகங்கள் நடத்தும் வாசிப்புச் சவாலில் சேர்த்துவிடுங்கள், செலவில்லை. முடிக்கும் பிள்ளைகளுக்குச் சான்றிதழும் பதக்கமும் தருவார்கள்.

ஜனவரியில் பொங்கல் வருகிறது. வகுப்பாசிரியரிடம் இப்போதே கேட்டு இருபது நிமிடம் வாங்கிக்கொண்டு, நீங்களோ உங்கள் மனைவியோ போய் வகுப்பில் பொங்கலைப் பற்றிப் பேசுங்கள். மகள் பக்கத்தில் நின்று படங்களைக் காட்டட்டும். சர்க்கரைப் பொங்கலைச் செய்து எடுத்துப்போகாதீர்கள், அதில் முந்திரி இருக்கும். கொட்டை வகை எதையும் பெரும்பாலான பள்ளிகள் வாசலுக்குள் விடுவதில்லை. மழை இல்லாவிட்டால் விளையாட்டுத் திடலில் கோலம் போடலாமா என்று கேளுங்கள். சாக்பீஸ் பள்ளியிலேயே கொடுப்பார்கள்.